கையகத்துப் பண்ணை

விளையாட்டு என்னுஞ் சொல்லை நாம் மிக எளிதாக வழங்குகின்றோம். "விளையாட்டாகச் சொன்னேன்" என்றால், சொன்னதிற் பொருளில்லை என்பது கருத்து. "விளையாட்டுப் பிள்ளை" என்றால், பொறுப்பற்றவன் என்பது குறிப்பு. தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். உவகை என்னும் மெய்ப்பாடு பிறத்தற்குரிய நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டை அவர் வைத்தார். உரியியலிலே, கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களும் விளையாட்டு என்னும் பொருளன என்றார். பண்ணை என்றவுடன் இன்று நமக்கு வயலும் தோட்டமுமே நினைவுக்கு வரும். பண்டு அது விளையாட்டின் பெயராகவும் இருந்தது. இரண்டிடத்தும் ஏதோ ஒன்று விளைகின்றது என்று கொள்ளலாம். விளைவது நெல்லோ, களையோ என்பது இடுகின்ற வித்தைப் பொறுத்தது.

இக்காலத்துச் சிறுவரின் பண்ணை கையகத்தே அடங்கிவிட்டது. கையிற் பிடிக்கும் அளவினதாகிய ஒரு கருவி. நடுவே ஒரு திரை. இருபுறமும் சில பொத்தான்கள். அக்கருவிக்கு உள்ளேயே ஒரு கடையும் உண்டு. அங்கே விலை கொடுத்தால், விளையாட்டு இணையத்தின் வழியே இறங்கிவந்து கருவிக்குள் அமர்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அக்கடையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எதனைத் தெரிவது? இவ்வினாவை ஒரு பண்டிதன் எடுத்து ஆராய்வதா என்று சிலர் முறுவலிக்கக்கூடும். நம் மாணவர் எதனோடு நாடோறும் பொழுது போக்குகின்றனரோ அதனை ஆராயாது விடுதல் ஆசிரியனுக்கு அழகன்று என்பதே யான் கூறும் விடை.

இக்கருவிகளின் வரலாற்றிலேயே தெரிவு பற்றிய முதற்பாடம் இருக்கின்றது. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், யப்பானிலே நின்டெண்டோ நிறுவனம் 'கேம் போய்' என்னுங் கருவியை விற்பனைக்கு விட்டது. அதனை ஆக்கியோருள் முதன்மையானவர் கும்பெய் யொகோயி. புத்தம்புதிய நுட்பத்தை நாடி ஓடாது, நன்கு பழகி விலை மலிந்த நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் அக்கருவியின் திரையிலே வண்ணம் இல்லை. பச்சை சார்ந்த நிழலுருவங்களே தோன்றின. அக்காலத்தில் வண்ணத்திரையோடு வந்த போட்டிக் கருவிகள் விலை மிகுந்தன. மின்கலங்களையும் விரைந்து தின்றன. நிலைத்து வென்றது வண்ணமில்லாததே. அமெரிக்காவில் அதனோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட விளையாட்டு 'ரெற்றிஸ்'. மொஸ்கோவிலே 1984இல் அலெக்சி பஜித்னோவ் என்பவர் ஆக்கத் தொடங்கியது அது. மேலிருந்து வீழுங் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்குதல், அவ்வளவே. கதையில்லை, காட்சிச் சிறப்பில்லை. ஆயினும் இன்றும் உலகம் அதனை ஆடுகின்றது. பளபளப்பு வேறு, பயன் வேறு என்பதை இதனால் அறிக.

அந்நாளில் ஒவ்வொரு விளையாட்டும் ஒரு சிறு பேழையில் அடங்கிக் கடைத்தட்டில் இருந்தது. வாங்கியவன் அதனை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம்; வெறுத்தால் விற்கலாம். 2008இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'டிஎஸ்ஐ' என்னுங் கருவியிலே, பேழையின்றித் தரவிறக்கிக்கொள்ளும் சிறு விளையாட்டுகளுக்கென ஒரு கடை அமைந்தது. 2009இல் சொனி நிறுவனம் வெளியிட்ட 'பிஎஸ்பி கோ' என்னுங் கருவிக்கு வட்டு இடும் வாயிலே இல்லை; எல்லாம் தரவிறக்கமே. பொருளைக் கையால் தொட்டு வாங்கும் வழக்கம் இவ்வாறு தேயலாயிற்று.

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன், பதின்மூன்று வயதினன், பள்ளி விடுமுறைக்கு இங்கு வந்து தங்கியிருந்தான். அவன் கையிலே நின்டெண்டோவின் 'சுவிச்' கருவி. "மாமா, நாப்பது டொலர் இருக்கு. இதிலை எதை வாங்கிறது?" என்று கேட்டான். "எதை வாங்கிறது எண்டதை விடு தம்பி, எதை விடுறது எண்டு முதலிலை பாப்பம்" என்றேன். அவன் விரலோ விலைக்கழிவு மிகுந்தவற்றை நோக்கியே சென்றது. எழுபத்தைந்து வீதம் குறைத்தார்கள் என்பதனால் ஒன்று நல்லதாகிவிடாது என்பதை அவனுக்கு உணர்த்துதற்கு ஒரு மாலைப்பொழுது வேண்டியிருந்தது.

யான் எடுத்துக்கொண்ட அளவுகோல் புதியதன்று. நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் உண்டென்று பவணந்தியார் நன்னூலிலே வகுத்தார். அவற்றுட் பல விளையாட்டுக்கும் பொருந்துவனவாகவே எனக்குப் பட்டன. ஒரே செயலை நூறுமுறை செய்வித்து நேரத்தை நீட்டும் விளையாட்டு, கூறியது கூறல் என்னுங் குற்றம் உடையது. தொடக்கத்தில் ஆரவாரமாக எழுந்து, போகப்போகச் சாரமிழப்பது, சென்று தேய்ந்திறுதல். தன் பொருளை விட்டு வேறு நூறு சில்லறைப் பணிகளில் ஆடுவோனை அலைப்பது, மற்றொன்று விரித்தல். ஆடி முடித்தபின் மனத்தில் யாதும் எஞ்சாதது, நின்று பயனின்மை. இனி அழகுகளைக் கருதுவோம். விதியை நெடிய விளக்கமின்றி ஆட்டத்தாலேயே கற்பிப்பது, சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஆகும். மருமகன் இவற்றைக் கேட்டுச் சிரித்தான். பின்னர்த் தானே ஒன்றைச் சுட்டி, "மாமா, இது தேய்ந்திறுதல்" என்று தள்ளியபோது, சூத்திரம் புரிந்துவிட்டது என்று யான் மகிழ்ந்தேன்.

அடுத்து நோக்கவேண்டியது விலையின் இயல்பு. ஒருமுறை விலை கொடுத்து முழுவதும் பெறுவன ஒருவகை. சந்தா செலுத்துங்காறும் ஆடக்கூடியன இன்னொரு வகை. 2018 செப்ரெம்பரிலே 'சுவிச்' கருவிக்குத் தொடங்கிய சந்தா முறையிலே பழைய விளையாட்டுகள் பல கிடைக்கின்றன. சந்தா நின்றால் அவையும் நிற்கும். 'இலவசம்' என்று வருவன மூன்றாம் வகை. இவற்றையே மிகவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவற்றுட் பல, உட்புகுந்தபின் சிறிது சிறிதாகக் காசு கேட்பன. உள்ளே என்ன இருக்கின்றது என்று அறியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் முறை சிலவற்றில் உண்டு. நல்லது வந்தாலும் வரும், வராமலும் போகும். 2018இல் பெல்சியத்துச் சூதாட்ட ஆணையம் அத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதென்றே முடிவுசெய்தது. சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மாணவர்க்கு இதற்குமேல் விரித்துரைத்தல் மிகை.

மூன்றாவது, இடமும் காலமும். முதலில் வந்த 'சுவிச்' கருவியின் உள்ளிடம் 32 கிகாபைற். பெரிய விளையாட்டுகள் இரண்டு மூன்று புகுந்தால் அது நிறைந்துவிடும். தனி நினைவக அட்டை வாங்க நேரும். ஆதலின் விலையோடு பருமனையும் பார்த்தல் வேண்டும். எந்த வயதினர்க்கு உரியது என்னுங் குறியீட்டையும் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவிலே 1994இலும், யப்பானில் 2002இலும், ஐரோப்பாவில் 2003இலும் இதற்கென அமைப்புகள் தோன்றின. சில விளையாட்டுகளுக்கு இலவச வெள்ளோட்டம் உண்டு. அதனை ஆடிப்பாராது பணம் கொடுத்தல் அறிவுடைமையாகாது. 'ஸ்ரீம்' என்னும் கடை, வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தை மீளத் தரும் முறையை 2015இல் ஏற்படுத்தியது. எல்லாக் கடைகளும் அவ்வாறு தாராளமானவை அல்ல.

இவ்வளவும் நோக்கி நாங்கள் தெரிந்தது 'எ ஷோட் ஹைக்' என்னுஞ் சிறு விளையாட்டு. சிறு மலைநடை என்று அதனைத் தமிழாக்கலாம். அடம் ரொபின்சன்-யூ என்னுங் கனடியர் 2019இல் ஆக்கியது. 'சுவிச்' கருவிக்கு 2020இல் வந்தது. உறவினர் ஒருவருடன் விடுமுறைக்குத் தங்கியிருக்கும் இளம் பறவை ஒன்று, ஒரு தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருக்கின்றது. மலையின் உச்சியை அடைந்தாலன்றி அலை எட்டாது. வழியெங்கும் கிடைக்கும் பொன்னிறகுகளைச் சேர்க்கச் சேர்க்க ஏறும் வலிமை பெருகும். கொலையில்லை, கடிகாரமில்லை, வழியிற் கண்டவரோடு நின்று பேசலாம். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அழைப்பு யாரிடமிருந்து, எதற்காக என்பதை ஈண்டுக் கூறுதல் முறையன்று. உச்சியில் அவன் பொத்தான்களை அழுத்தாமல் சற்றுநேரம் இருந்தான். பின்பு தாய்க்குத் தொலைபேசி எடுத்தான். நல்ல சிறுகதை ஒன்று செய்யக்கூடியதை அது செய்தது என்று மட்டும் சொல்வேன்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய வினா ஒன்று உண்டு. தரவிறக்கிய பொருள் யாருடையது? அவனுடைய தமக்கை முன்பு வைத்திருந்த கருவி ஒன்று பழுதாயிற்று. கணக்கின் கடவுச்சொல்லும் அவளுக்கு மறந்துபோயிற்று. மூன்றாண்டாகச் சேர்த்த விளையாட்டுகள் ஒருங்கே போயின. அது ஒருத்தியின் இழப்பு. ஊருக்கே நேரும் இழப்பும் உண்டு. 'டிஎஸ்ஐ' கடை 2017 மார்ச் 31ஆம் நாள் மூடப்பட்டது. 'பிஎஸ்பி' கருவியிலிருந்து விளையாட்டு வாங்கும் வழி 2021 யூலையில் அடைக்கப்பட்டது. 2023 மார்ச் 27ஆம் நாள் '3டிஎஸ்' கருவியின் கடையிலே விற்பனை நின்றது. முன்பு வாங்கியவர்கள் மீளத் தரவிறக்கலாம் என்றார்கள். புதியவர்க்கோ வாயில் இல்லை.

அக்கடையோடு அகப்பட்ட ஒன்றை இணையத்திலே படமாகக் கண்டு யான் வியந்திருக்கின்றேன். 'வெள்ளிக்கிழமைப் பூதங்களின் தாக்குதல்' என்று அதன் பெயரைத் தமிழில் தரலாம். யப்பானியராகிய கஸ் அயபே ஆக்கியது. 2013இலே தரவிறக்கமாக மட்டுமே வெளிவந்தது. காலம் 1971, களம் தோக்கியோவின் புறநகர். உடை வெளுக்கும் கடை வைத்திருக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், வெள்ளிக்கிழமைதோறும் பூதங்கள் வரும் ஊரிலே ஒருநாட் பொழுதைக் கழிக்கின்றான். பூதங்கள் மெய்யோ, தொலைக்காட்சிக்காரர் செய்யும் வேடமோ என்பது சிறுவர்க்கு விளங்காது. இளமைப் பருவத்தின் மயக்கத்தை இவ்வளவு மெல்லிதாகத் தீட்டிய ஒன்றை, அக்கருவியை இன்று கையில் வைத்திருக்கும் பிள்ளை, அதன் கடையில் வாங்க இயலாது.

இது ஒன்றன் கதையன்று. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 பங்கு வணிகத்திற் கிடைப்பதில்லை என்று 2023இலே விளையாட்டு வரலாற்றைப் பேணும் நிறுவனம் ஒன்று ஆய்ந்து கூறியது. அத்தகையவற்றை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தக் கொடுக்க இசையுமாறு நூலகங்களின் சார்பிற் கேட்டபோது, 2024 ஒக்ரோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. ஏடுகள் செல்லரித்து அழிந்த காலத்திலே, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தேடி எடுத்து 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். பிரதி செய்ய ஒருவர் இருந்தமையால் நூல் பிழைத்தது. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றுட் பிரதியில்லாத ஏடுகள் மீளவில்லை. பிரதி செய்தற்கு இசைவில்லாத பொருளுக்குச் செல்லும் வேண்டா, தீயும் வேண்டா. கடைக்காரன் கதவடைத்தலே போதும்.

இவ்வுண்மையைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கின்றது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, மீளப் பறிக்கக்கூடிய மின்பொருளை விற்போர், தாம் தருவது உரிமையன்று, பயன்படுத்தும் இசைவே என்பதைத் தெளிவாகச் சொல்லாது 'வாங்குக' என்னுஞ் சொல்லை வழங்கலாகாது என்று விதித்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் காக்க ஒரு சட்டமன்றம் முன்வந்தது கண்டு, இலக்கண ஆசிரியன் மகிழாதிருத்தல் இயலாது.

இதனால் தரவிறக்கமே தீது என்பது என் கருத்தன்று. பேழையும் பெட்டியும் தட்டும் வேண்டாமையினாலேதான், பெரிய முதலில்லாத தனி மனிதரும் தம் ஆக்கத்தை உலகின்முன் வைக்க முடிந்தது. எரிக் பரோன் என்னும் ஒருவர் நான்காண்டுக்கு மேலாகத் தனித்திருந்து ஆக்கிய 'ஸ்டார்டியூ வெலி' என்னும் உழவு விளையாட்டு 2016இல் வெளிவந்தது, இதற்குச் சான்று. அன்றியும், இன்று பேழையும் முழுக் காவலன்று. 2025இல் வந்த 'சுவிச் 2' கருவிக்கு விற்கப்படும் அட்டைகள் சிலவற்றிலே விளையாட்டு இல்லை. தரவிறக்குதற்குரிய திறவுகோல் மட்டுமே உண்டு. அட்டையின் புறத்தே எழுதியிருப்பதை வாசித்து வாங்குக.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவை சிலவே. இணையத் தொடர்பு இல்லாமலும் தனித்து இயங்கும் விளையாட்டை முதலில் நாடுக. முடிவுடையதை முடிவற்றதினும் மேலாகக் கொள்க. இடையிடையே காசு கேட்பதை விலக்குக. பேழையிலும் கிடைக்குமாயின், முழுமையும் அதனுள் இருக்குமாயின், அதனையே பெறுக. கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைக்க. தரவிறக்கியதைப் பின்னர்ப் பார்ப்போம் என்று அடுக்கி வைக்காது, ஆடி முடிக்க. கடை என்றும் திறந்திராது. ஆடிப் பெற்ற உவகையையோ எக்கடைக்காரனும் மீளக் கேட்க முடியாது.