காசு வாங்கப் போனவர்கள் கண்டது என்ன?

இங்கிலாந்து நாட்டில் பிரிஸ்டல் என்று ஒரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கே 1742-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி ஒரு கூட்டம் நடந்தது.

கூடியவர்கள் எல்லாரும் பக்திமான்கள். ஆனால் அன்று அவர்கள் பேசியது கடனைப் பற்றி!

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கூடி ஜெபம் செய்வதற்காக அவர்கள் ஒரு கட்டிடம் கட்டத் தொடங்கினார்கள். "புது அறை" என்று அதற்குப் பெயர். கட்டிடம் எழும்பியது. கடனும் கூடவே எழும்பியது. அதை எப்படித் தீர்ப்பது?

அவர்களுடைய தலைவர் ஜான் வெஸ்லி. அப்போது அவருக்கு வயது 38. பாதிரியாரின் மகன், தாமும் பாதிரியார். ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1739-ல் பிரிஸ்டலுக்கு வந்து, திறந்த வெளியில் நின்று பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். தேவாலயத்துப் பக்கமே போகாத சுரங்கத் தொழிலாளிகள்கூட வந்து கேட்டார்கள்.

கேட்டார்கள், கண்ணீர் விட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எப்படி நடந்தார்கள்? அது யாருக்குத் தெரியும்?

ஒரு பென்னி

முடிந்தவர்கள் எல்லாரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று யோசனை வந்தது. பென்னி என்பது அந்நாட்டுச் சில்லறைக் காசு. அன்றைய கணக்குப்படி 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுன்.

அதுகூடக் கொடுக்க முடியாத ஏழைகள் பலர் இருக்கிறார்களே என்று ஒருவர் தடை சொன்னார்.

கேப்டன் ஃபாய் என்பவர் அதற்கு ஒரு வழி கூறினார். இருப்பவர்களில் மிகவும் ஏழைகளாகப் பார்த்து 11 பேரைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டார். வாரந்தோறும் அவர்களைப் போய்ப் பார்ப்பேன். அவர்களால் கொடுக்க முடியாவிட்டால் நானே கொடுத்து விடுகிறேன் என்றார். மற்றவர்களும் ஆளுக்கு 11 பேரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

நல்ல மனசு! யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. சுமார் 12 பேருக்கு ஒரு குழு என்று பிரித்தார்கள். அந்தக் குழுவுக்கு "வகுப்பு" என்று பெயர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர்.

கதவைத் தட்டியபோது

தலைவர்கள் காசு வாங்க வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் கணவன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் குடித்திருந்தான்!

ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டையோடு வந்து முன் வரிசையில் உட்காரும் மனிதர் வேறு. வாரநாளில் சாயங்காலம் கதவைத் திறக்கும் மனிதர் வேறு அல்லவா?

தலைவர்கள் வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். அவருக்குப் பொறி தட்டியது. இவ்வளவு காலமாகத் தேடிய வழி இதுதான் என்று கண்டுகொண்டார். காசு வாங்கப் போகிறவர், அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்றும் விசாரித்து வரலாமே!

ஏசுநாதர் மலைமேல் உட்கார்ந்து கூட்டத்துக்குப் போதித்தார். ஆனால் 12 பேரைக் கூடவே வைத்துக்கொண்டு பழக்கினார். நடந்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், தவறியபோது திருத்தினார். சீடன் என்றால் அப்படிப் பழகியவன். பிரசங்கம் கேட்டவன் எல்லாம் சீடன் ஆகிவிட முடியாது.

வீடு வீடாகப் போவதில் சில சங்கடங்கள் இருந்தன. நேரம் போதவில்லை. பலர் பிறர் வீட்டில் வேலைக்காரர்கள். எஜமானர்கள் உள்ளே விடவில்லை. இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் என்றால், நேருக்கு நேர் உட்கார வைத்தால்தானே தீரும்? ஆகவே வாரம் ஒரு முறை வகுப்பு ஓர் இடத்தில் கூடுவது என்று ஆயிற்று.

அங்கே ஒவ்வொருவரும் தம் நிலையைச் சொல்ல வேண்டும். தலைவர் புத்தி சொல்வார், தேற்றுவார். பிறகு ஜெபம். தலைவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் செய்யும் சாதாரண மனிதர்கள். பெண்களும் தலைவர்களாக இருந்தார்கள். சபையில் பெண் வாய் திறப்பதே அபூர்வமான அந்தக் காலத்தில் இது பெரிய செய்தி!

எதிர்ப்பும் வந்தது. நாங்கள் சேரும்போது இது இல்லையே, இப்போது எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். தலைவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் கேட்டார்கள். தம் வீட்டு விஷயத்தைப் பிறர் விசாரிப்பது யாருக்குத்தான் இனிக்கும்?

64 பேர் நீக்கம்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஒழுங்காக நடக்காதவருக்குச் சீட்டு கிடையாது.

1743 மார்ச் மாதம், நியூகாசில் என்ற ஊரில் வெஸ்லி 64 பேரை நீக்கினார். காரணத்தையும் எண்ணிக்கையையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். குடிவெறிக்காக 17 பேர். சாராயம் விற்றவர் 2 பேர். சண்டை போட்டவர் 3 பேர். பொய் சொல்வதே வழக்கமாக இருந்தவர் 3 பேர். சோம்பேறி ஒருவர். மனைவியை அடித்தவர் ஒருவர். (ஒருவர்தானா? அகப்பட்டவர் ஒருவர் என்றுதான் கொள்ள வேண்டும்!) இருப்பதிலேயே பெரிய எண்ணிக்கை 29. அவர்கள் செய்த குற்றம் என்ன? அக்கறை இல்லாமல், விளையாட்டாக இருந்தது!

கடுமைதான். 29 பேரையும் வைத்துக்கொண்டே திருத்தியிருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அவரும் அதன் மறுபக்கத்தைக் கண்டார். 1763-ல் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் பகுதிக்குப் போனார். அங்கே 20 ஆண்டுகளாகப் பிரசங்கம் நடந்திருந்தது. ஆனால் ஒழுங்கான சங்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. ஒரு காலத்தில் விழிப்படைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மறுபடியும் தூங்கிவிட்டார்கள் என்று வருத்தத்தோடு எழுதினார்.

வெஸ்லி 1791-ல் காலமானார். அப்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து அவருடைய சங்கங்களில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். "மெதடிஸ்ட்" என்ற பெயரோடு அந்த இயக்கம் கடல் தாண்டியது. 1814-ல் இலங்கைக்கும், 1817-ல் சென்னைக்கும் அதன் ஊழியர்கள் வந்தார்கள்.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டு போகப் போக, இங்கிலாந்தில் வகுப்புகள் களை இழந்தன. வாராவாரம் அதே ஆட்கள், அதே வார்த்தைகள்! பலர் வருவதை நிறுத்தினார்கள். சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

கடன்பட்டுக் கட்டிய "புது அறை" 1748-ல் பெரிதாக்கப்பட்டது. பிரிஸ்டல் கடைத்தெரு நடுவே அது இன்றும் நிற்கிறது.