ஆரோக்கியப் பச்சை: ஒரு மலை மூலிகையும் அதன் காப்பும்

தமிழ் இலக்கிய மரபில் பொதிகை அகத்தியரோடும் மூலிகைகளோடும் இணைத்துப் பேசப்படும் மலையாகும். 1868 மீட்டர் உயரமுடைய அகத்தியமலைச் சிகரத்தைச் சூழ்ந்த காடுகள் இன்று தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ளன. இக்காடுகளில் வளரும் ஆரோக்கியப் பச்சை என்னும் சிறு பூண்டின் வாழிடம், அதற்கு நேர்ந்த இடர், அதனைக் காக்கும் வழி ஆகியவற்றை இக்கட்டுரையில் நாம் சுருக்கமாகக் காண்போம்.

செடியும் வாழிடமும்

இச்செடியின் தாவரவியற் பெயர் டிரைகோபஸ் செய்லானிகஸ் என்பதாகும். இது வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் கொடியாகப் படராமல், மட்டநிலத்தண்டிலிருந்து எழும் இலைகளுடன் நிலத்தை ஒட்டி வளர்கிறது. ஓடைக்கரைகளின் மணற்பாங்கான ஈரமண்ணும் அடர்ந்த மரநிழலும் இதற்கு இன்றியமையாதவை. இவ்வினம் இலங்கையிலும் மலாயத் தீபகற்பத்திலும் காணப்படுகிறது. ஆயினும் திருவாங்கூரின் பெயரைத் தாங்கிய கிளையினம் அகத்தியமலைப் பகுதிக்கு மட்டுமே உரியது. வாழிடம் குறுகியதாக இருப்பதால், அங்கு ஏற்படும் அழிவை வேறோரிடத்தால் ஈடுசெய்ய இயலாது.

அறிவு வெளிப்பட்ட வரலாறு

1987ஆம் ஆண்டு புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் இம்மலையில் ஏறியபோது, வழிகாட்டிகளாக வந்த காணி இன மக்கள் ஒரு பழத்தை உண்டு களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். பெரும் தயக்கத்திற்குப் பின்னரே காணியர் அச்செடியைக் காட்டினர். கேரளத்தின் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், அதன் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விட்டுணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுப்பகுதியில் அதன் தயாரிப்பு உரிமம் 10 இலட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது. விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகையும் பேசப்பட்டது. இவ்வருவாயில் பாதி காணியருக்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பெறுவதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. உலகெங்கும் எடுத்துக்காட்டப்பெற்ற இவ்வேற்பாட்டைக் காணியர் அனைவரும் ஒருமனதாக ஏற்றனர் எனக் கூறுவதற்கில்லை.

இடரும் முரணும்

மருந்து புகழ்பெற்றதும் செடிக்கு விலை ஏற்பட்டது. வெளியார் அதனைக் காட்டிலிருந்து வேரோடு பறிக்கத் தலைப்பட்டனர். பழத்தை உண்பதால் செடி அழிவதில்லை. இலையை அளவோடு கொய்தாலும் மீண்டும் தளிர்க்கும். மட்டநிலத்தண்டைப் பெயர்த்தால் அச்செடிக்கு மறுபிறப்பில்லை. காணிக் குடும்பங்கள் செடியைப் பயிரிட்டு இலையை விற்கும் முயற்சியும் தொடங்கப்பட்டது. ஆனால் பயிரிட்ட செடி எது, காட்டில் பறித்த செடி எது எனப் பிரித்தறிவது கடினமாதலால் வனத்துறை தடை எழுப்பியது. செடியைக் காக்க வேண்டும் என்னும் நோக்கமே, அதனை அறிந்து காத்துவந்த மக்களின் பிழைப்புக்கு இடையூறாயிற்று. இம்முரண்பாடே இவ்வரலாற்றின் மையச் சிக்கல் என நாம் கருதுகிறோம்.

காக்கும் வழி

காட்டை விட்டு வெளியே, வெயிற்பட வளர்ப்பது இதற்குத் தீர்வாகாது. நிழலும் ஈரமும் நீங்கினால் செடி செழிப்பதில்லை. எனவே காட்டோரத்தில், மரநிழலில், காணியரின் கையாலேயே வளர்ப்பதும், நாற்றுகளைப் பதிவுசெய்து இலையை மட்டும் கொய்வதும் பொருத்தமான வழிகளாகும். 2002ஆம் ஆண்டின் இந்தியப் பல்லுயிர்ச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் நகோயா நெறிமுறையும் மரபறிவுக்குரிய பயன்பகிர்வை வலியுறுத்துகின்றன. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. எனினும், சட்டமும் பட்டியலும் மட்டுமே செடியைக் காத்துவிடா.

தமிழாசிரியர்களாகிய நாம் குறிஞ்சித் திணையைக் கற்பிக்கையில் கருப்பொருள்களை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறோம். நிலமும் செடியும் மக்களும் ஒன்றையொன்று சார்ந்தே நிலைபெறுகின்றன என்னும் திணைக் கோட்பாட்டின் உட்பொருளுக்கு ஆரோக்கியப் பச்சை உயிருள்ள சான்றாகும். இச்செடியின் உறவினம் மலேசியக் காடுகளிலும் வளர்கிறது என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தால், பொதிகை அவர்களுக்குத் தொலைவிலுள்ள பழங்கதையாகத் தோன்றாது.