வெள்ள அபாய வரைபடம்: சுவர்ணமுகி வடிநிலம் உணர்த்தும் தேவை

ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்பரப்பாகக் காட்சி தரும் ஆறு ஆபத்தற்றது என்ற எண்ணம் மக்களிடையே எளிதில் வேரூன்றி விடுகிறது. வறட்சிக்குப் பெயர் பெற்ற ராயலசீமையில் இவ்வெண்ணம் இன்னும் வலுவானது. ஆனால் 2021 நவம்பரில், வங்கக் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19ஆம் நாள் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, திருப்பதி நகரின் தெருக்கள் ஓடைகளாயின. திருமலைப் பாதைகள் மூடப்பட்டன. சுவர்ணமுகியின் கரையோர வீடுகள் அரிப்புக்கு இரையாயின. அதே நாளில், அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே அமைந்த அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்து, கீழ்நிலைக் கிராமங்களில் உயிர்ச்சேதம் விளைவித்தது. வெள்ளம் எங்கெங்கே பாயக்கூடும் என்பதை முன்கூட்டியே வரைந்து காட்டும் படம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இந்நிகழ்ச்சிகளே சான்று.

நிலத்தின் அமைப்பு

தமிழ் இலக்கியங்கள் பொன்முகலி எனக் குறிப்பிடும் சுவர்ணமுகி, சந்திரகிரிக்கு அப்பாலுள்ள குன்றுகளில் தோன்றி, திருச்சானூர், காளத்தி, நாயுடுபேட்டை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலை அடைகிறது. இதன் துணையாறான கல்யாணியின் குறுக்கே அமைந்த அணை, திருமலைக்கும் திருப்பதிக்கும் குடிநீர் வழங்குகிறது.

திருமலை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்திலுள்ள திருப்பதியோ அதைவிட ஏறத்தாழ 700 மீட்டர் தாழ்ந்தது. சில கிலோமீட்டர் தொலைவிற்குள் இவ்வளவு சரிவு இருப்பதால், கடினமான பாறை முகட்டில் விழும் மழைநீர் கபிலதீர்த்தம் போன்ற அருவிகளாக இறங்கி மிக விரைவில் நகரை அடைகிறது. சமவெளிப் பேராறுகளில் வெள்ளம் வருவதை அறிவிக்க நாள் கணக்கில் அவகாசம் உண்டு. இங்கோ அவகாசம் சில மணி நேரமே.

இவ்வடிநிலத்தின் மற்றொரு சிறப்பு ஏரிகள். ஓர் ஏரியின் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்கு வரத்தாக அமையும் இச்சங்கிலித் தொடர், முறையாகப் பேணப்பட்டால் வெள்ளத்தைத் தேக்கித் தணிக்கும். கலிங்கு அடைபட்டாலோ, போக்குக்கால் ஆக்கிரமிக்கப்பட்டாலோ அத்தொடரே ஆபத்தாக மாறும். 2021 நவம்பரில் தொன்மையான ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு ஏற்பட்டபோது, கீழுள்ள பல கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட வேண்டியதாயிற்று.

வரைபடம் தயாராகும் முறை

முதற்படி வடிநிலத்தின் எல்லையை வரையறுப்பது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படங்களிலுள்ள சமவுயரக் கோடுகளைக் கொண்டு நீர்பிரி முகடுகளைக் காணலாம். 2005இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் படங்களிலிருந்து உருவான உயர மாதிரியும் இதற்குப் பயன்படுகிறது.

இரண்டாம்படி நீரின் அளவைக் கணித்தல். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர் நீர் சேரும். பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்வதாகக் கொள்வோம். மொத்த நீர் ஐந்து லட்சம் கன மீட்டர். இதில் 40 சதவீதம் வழிந்தோடினால் விநாடிக்குச் சராசரியாக 56 கன மீட்டர் நீர் ஓடும். அதே நிலம் கட்டடங்களும் சாலைகளுமாகி 70 சதவீதம் வழிந்தால் அது 97 கன மீட்டராக உயரும். மழை கூடாமலேயே வெள்ளம் பெருகும் விதம் இதுவே.

மூன்றாம்படி கள ஆய்வு. மேகம் மூடிய காலத்திலும் ரேடார் செயற்கைக்கோள்கள் நீர் தேங்கிய பரப்பைக் காட்டும். ஆயினும் குறுகிய தெருக்களில் அது தெளிவாகப் புலப்படாது. சுவர்களிலுள்ள வெள்ளக்கறை, பாலங்களின் கண் அகலம், முதியோரின் நினைவு ஆகியவற்றைக் களத்தில் திரட்டியே குறையை நிரப்ப வேண்டும்.

இறுதியாக, வெள்ள எல்லையைப் புல எண்கள் கொண்ட கிராமப் படத்தின்மேல் பொருத்த வேண்டும். எந்த மனைக்கு அனுமதி மறுப்பது என்பதை அலுவலர் அப்போதுதான் ஐயமின்றி முடிவு செய்ய இயலும்.

சட்டமும் நிர்வாகமும்

மத்திய நீர் ஆணையம் வெள்ளச் சமவெளி மண்டல மாதிரி மசோதாவை 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற மிகச் சில மாநிலங்களே சட்டம் இயற்றின. மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்திற்கு மேலும், குடியிருப்புகள் இருபத்தைந்தாண்டு வெள்ள மட்டத்திற்கு மேலும் அமைய வேண்டும் என்பது இதன் அடிப்படை நெறி.

இருபத்தைந்தாண்டு வெள்ளம் என்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தவறாது வருவது எனப் பொருள்படாது. எந்த ஓர் ஆண்டிலும் அது நிகழும் வாய்ப்பு 4 சதவீதம் என்பதே பொருள். முப்பதாண்டு நிலைக்கும் வீடு ஒன்று அதனை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 71 சதவீதம். கடன் பெற்று வீடு கட்டும் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

நிர்வாக எல்லையும் நீரின் எல்லையும் ஒன்றல்ல. வெள்ளத்தின்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகியுள்ளது. சித்தூர் நகர் வழியே பாயும் நீவா, பொன்னையாறு என்ற பெயருடன் தமிழகத்தில் பாலாற்றைச் சேர்கிறது. ஆகவே வரைபடமும் எச்சரிக்கையும் வடிநிலத்தை அலகாகக் கொண்டே அமைதல் வேண்டும்; மாவட்டங்களும் மாநிலங்களும் தகவலைத் தாமதமின்றிப் பகிர்ந்து கொள்ள வேண்டும்.

வரைபடம் அலுவலகப் பேழையில் உறங்குமாயின் பயனில்லை. ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பள்ளியிலும் அது இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னரும் திருத்தப்பட வேண்டும். மணல் மட்டுமே தெரியும் கோடைக்காலமே இப்பணிக்கு உகந்த காலம்.