குடத்துள் விழத் தகுந்த பெயர்

சென்ற மாதம் ஆறாம் ஆண்டு வகுப்பில் குடவோலை முறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மக்களாட்சிக்கு நம் முன்னோர் அன்றே வழிகாட்டினர் என்று, நாம் எல்லாரும் வழக்கமாகச் சொல்வதையே நானும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, குடத்தில் கைவிட்டு எடுத்தால் அது குலுக்கல்தானே? யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லையே?" என்றான். முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு உடனே விடை வரவில்லை. வீட்டிற்குச் சென்று அக்கல்வெட்டுச் செய்திகளை மீண்டும் படித்தேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. முன்னது கி.பி. 919ஆம் ஆண்டினது, பின்னது 921ஆம் ஆண்டினது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்துள் இட்டனர். ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரிந்திருக்க உள்ளங்கையில் வாங்குதல் வேண்டும் என்றும் விதித்தனர். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருத்தல் கூடாதன்றோ! இவ்வாறு வந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியராயினர்.

ஆகவே மாணவன் சொன்னது சரியே. இது வாக்களிப்பன்று, திருவுளச் சீட்டு. ஆனால் அதனாலேயே இக்கல்வெட்டு நமக்கு மிகவும் பயன்படுகிறது என்பேன். வாக்களிக்கும் ஊரில் தகாதவன் நின்றாலும் மக்கள் அவனைத் தள்ளிவிடலாம். சீட்டு எடுக்கும் ஊரில் அந்த வாய்ப்பு இல்லை. குடத்துள் விழுந்த எப்பெயரும் மேலே வரக்கூடும். எனவே சலிக்கும் வேலை முழுவதையும் குடத்திற்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டியிருந்தது.

அச்சல்லடை எத்தகையது? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது, 919இல் 30க்கு மேல் 60க்கு உட்பட என்றிருந்தது. 921இல் 35க்கு மேல் 70க்கு உட்பட என மாற்றினர். வேதக் கல்வி வேண்டும். கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தவனாகவும் இருத்தல் வேண்டும் என்று பின்னைய கல்வெட்டுக் கூறுவது, ஆசிரியராகிய நாம் கவனிக்கத் தக்கது. கல்வி மிக்கவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகையும் தந்தனர். கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பணி செய்தவன் பெயரை இடக்கூடாது.

இவற்றுள் சில இன்று நமக்கு ஒவ்வா. உத்தரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்நிலத்தை உழுதவர் பெயரும், பெண்டிர் பெயரும் அக்குடத்துள் ஒருநாளும் விழுந்ததில்லை. பெருமை பேசும்போது இதனை மறைத்தல் கூடாது.

நான் மீண்டும் மீண்டும் படித்தது விலக்குப் பட்டியலைத்தான். பிறர் பொருளைக் கவர்ந்தவன், கொடும் பாவங்கள் செய்தவன் எனச் சிலர் விலக்கப்படுகின்றனர். அவர்களோடு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் விலக்கப்படுகிறான். அவன் மட்டுமா? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள் என்று உறவுமுறை நீண்டுகொண்டே போகிறது. ஒருவன் குற்றத்திற்கு உறவினரை ஒறுத்தல் முறையா என்று இளமையில் நான் எண்ணியதுண்டு.

பின்னர் நான் பணியாற்றிய தோட்டம் ஒன்றில் கோயில் நிருவாகத்தார் மூன்றாண்டுக் கணக்கை வைக்கவில்லை. ஊரார் கேட்டபோது பொருளாளர் விலகிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அவருடைய மைத்துனரே பொருளாளரானார். பழைய கணக்கைக் கேட்டால், "அதை மச்சானிடம் கேளுங்கள்" என்பார். மச்சானோ, "பேரேடு இப்பொழுது என்னிடம் இல்லை" என்பார். பேரேடு இன்றுவரை வெளிவரவில்லை. உத்தரமேரூர்ச் சபையார் அவ்வுறவுமுறைகளை ஏன் அவ்வளவு பொறுமையாக எழுதினர் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

இக்காலச் சட்டங்கள் சல்லடைக் கண்ணை வேண்டுமென்றே அகல வைத்துள்ளன. மலேசிய அரசமைப்பின் 47ஆம் விதிப்படி, நாட்டில் வாழும் குடிமகன் 18 வயது நிறைந்தால் மக்களவைக்கு நிற்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் 21 வயதாயிருந்தது. நிலமோ வீடோ கல்விச் சான்றோ கேட்பதில்லை. தோட்டத் தொழிலாளியின் மகன் மக்களவைக்குச் செல்ல முடிவது இதனால்தான். 48ஆம் விதி கடனிறுக்க இயலாது நொடித்தவர், ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத தண்டமோ பெற்றவர் முதலியோரை விலக்குகிறது. தேர்தற் செலவுக் கணக்கை உரிய காலத்தில் ஒப்படைக்காதவரும் அப்பட்டியலில் உள்ளார். ஆயிரம் ஆண்டு கழிந்தும் கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டவனாகவே இருக்கிறான். மைத்துனர் மட்டும் தப்பிவிட்டார்; அவரைத் தள்ளுவது இப்போது வாக்காளர் பொறுப்பு.

சிங்கப்பூர் அரசமைப்பின் 44ஆம் விதி இன்னும் ஒன்று கேட்கிறது. நாடாளுமன்ற நடவடிக்கைகளில் ஈடுபடப் போதிய அளவிற்கு ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஒரு மொழியையேனும் பேசவும் படிக்கவும் எழுதவும் வேட்பாளர் வல்லவராயிருத்தல் வேண்டும். தமிழ் ஒன்றே அறிந்தவரும் மொழித் தகுதியில் குறைந்தவராகார். இதனையும் அம்மாணவனிடம் சொன்னேன். "அப்படியானால் எழுத்துப் பிழை இருந்தால்?" என்றான். அவன் கட்டுரை ஏட்டை எடுத்துவரச் சொன்னேன்.