எந்த நிறம் யாருக்குப் பொருந்தும்?

பெருநாளைக்கு உடுப்பெடுக்கப் போவதென்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், வாப்பாமாருக்குத் திண்டாட்டம் என்பார்கள். சென்ற நோன்புப் பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நானும் ஒரு புடவைக் கடைக்குப் போனேன். மூத்தவள் உம்மாவைப் போல் சிவலை. இளையவள் என்னைப் போல். என்னைப் போல் என்றால் எப்படி என்று என்னிடம் ஓதும் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இளையவள் கடுகு மஞ்சள் நிறத் துணியொன்றை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதற்குள் கடைக்காரர் குறுக்கிட்டு, "அது உங்களுக்கு ஒத்துவராது மகள், ராத்தாவுக்குக் குடுங்க. நீங்க கொஞ்சம் நிறம் குறைவுதானே. இந்தச் சந்தனக் கலரப் பாருங்க, அடக்கமா இருக்கும்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முப்பது வருடமாகத் துணி விற்பவர், தெரிந்ததைச் சொன்னார். பிள்ளை ஒன்றும் பேசாமல் மஞ்சளை மடித்து வைத்துவிட்டுச் சந்தன நிறத்தை எடுத்தாள். நானும் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. பெருநாளன்று தொழுகைக்கு அந்தப் புது உடுப்பை உடுத்தவள், லுஹருக்கு முன்பே கழற்றிவிட்டுப் பழைய சல்வாரைப் போட்டுக்கொண்டாள்.

கடைக்காரர் சொன்னது உண்மையா? நிறத்துக்கும் நிறத்துக்கும் பொருத்தம் பார்ப்பதற்கு ஏதேனும் கணக்கு உண்டா? கொரியாவில் தொழில் செய்து திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர், அந்நாட்டில் இளம் பெண்களும் ஆண்களும் காசு கொடுத்து இதற்கென்றே உள்ள நிலையங்களுக்குப் போய், தமக்குரிய நிறம் எதுவென்று அறிந்து வருகிறார்கள் என்று சொன்னபோது முதலில் சிரித்தேன். பிறகு தேடிப் படித்தேன். ஆடையின் நிறம் பற்றிய மார்க்கச் சட்டங்களைப் பேச நான் இங்கு வரவில்லை. அவற்றை உரிய நூல்களில் காணலாம். கண்ணுக்கும் துணிக்கும் உள்ள உறவைப் பற்றியே இக்கட்டுரை.

சாயத்தில் பிழையில்லை, கண்ணில்தான்

பாரிஸ் நகரில் கொபலின் என்ற புகழ்பெற்ற நெசவுச்சாலை இருக்கிறது. 1824ஆம் ஆண்டு அதன் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற இரசாயன அறிஞர் நியமிக்கப்பட்டார். அவரிடம் வந்த முறைப்பாடுகளுள் ஒன்று, சில இடங்களில் கறுப்புச் சாயம் போதிய கருமையாக இல்லை என்பது. அவர் சாயத்தைச் சோதித்தார். அதில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்யும்போதுதான் அதே கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். அதாவது ஒரு நிறம் தனித்து நிற்கும்போது ஒரு விதம், அயலில் வேறு நிறம் இருக்கும்போது இன்னொரு விதம். இதனை விரிவாக ஆராய்ந்து 1839இல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். அதில் உடுப்பைப் பற்றியும் எழுதினார். இளம் பச்சையை முகத்தருகே வைத்தால் வெளிறிய தோலில் சிவப்புச் சற்றுக் கூடித் தெரியும் என்பது அவர் கூறியவற்றுள் ஒன்று. (இம்மனிதர் 102 வருடம் வாழ்ந்தவர் என்பது வேறு கதை.)

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சாம்பல் நிறக் கடதாசியில் இரண்டு சிறு துண்டுகளை வெட்டி, ஒன்றை மஞ்சள் துணியிலும் மற்றதை நீலத் துணியிலும் வையுங்கள். இரண்டும் ஒரே கடதாசி என்று நம்ப மனம் வராது. மஞ்சளில் வைத்தது நீலம் பாரித்தும் நீலத்தில் வைத்தது சற்று மஞ்சளாகவும் தோன்றும். நமது முகமும் அந்தக் கடதாசித் துண்டைப் போலத்தான். போட்டிருக்கும் துணி மாறினால், முகம் மாறாமலேயே மாறித் தெரிகிறது.

செவ்ரலுக்குப் பின் இவ்விடயத்தில் குறிப்பிட வேண்டியவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜொஹன்னஸ் இட்டன் என்ற ஓவிய ஆசிரியர். ஜேர்மனியின் வைமர் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைக்கல்லூரியில் 1919 முதல் 1923 வரை படிப்பித்தவர். பின்னர் 1928இல் ஒரு வகுப்பில், தாம் இணக்கமானவை என்று கருதிய நிறக் கூட்டுகளை வரையச் சொன்னபோது மாணவர்கள் முகஞ்சுளித்தார்களாம். அப்படியானால் உங்களுக்கு எது இணக்கமோ அதையே வரையுங்கள் என்று விட்டுவிட்டார். ஒவ்வொருவர் தாளும் ஒவ்வொரு விதமாக இருந்தது. மாணவர் விரும்பித் தெரியும் நிறங்களுக்கும் அவரவர் முடி, தோல் ஆகியவற்றின் நிறத்துக்கும் தொடர்பிருப்பதை அவர் கவனித்தார். நானும் வகுப்பறையில் காலங்கழிப்பவன் என்பதால் இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. தான் சொன்னதைப் பிள்ளைகள் ஏற்கவில்லையென்று கோபிக்காமல், ஏன் ஏற்கவில்லையென்று பார்த்தாரே, அதுதான் ஆசிரியர்.

நான்கு பருவங்கள்

இந்தக் கலைக்கூடச் சங்கதி வீட்டுப் பெண்களிடம் வந்து சேர்ந்தது அமெரிக்காவில். கரோல் ஜெக்ஸன் என்பவர் 1980இல் வெளியிட்ட 'கலர் மீ பியூட்டிபுல்' என்ற நூல் இலட்சக்கணக்கில் விற்றது. மனிதரை அவர் நான்கு பருவங்களாகப் பிரித்தார். தோலின் அடியில் ஓடும் சாயல் மஞ்சளை ஒட்டியதாக இருந்தால் வசந்தம் அல்லது இலையுதிர் காலம். நீலத்தையோ ரோஸையோ ஒட்டியதாக இருந்தால் கோடை அல்லது மாரி. பிற்காலத்தில் வந்தவர்கள் இந்த நான்கைப் பன்னிரண்டாக்கினார்கள். கொரியாவின் நிலையங்களில் நடப்பதும் இதன் வழி வந்ததே. கண்ணாடி முன் இருத்தி, வெள்ளை வெளிச்சத்தில் பல நிறத் துணிகளை ஒவ்வொன்றாக மார்பில் விரித்துப் பார்க்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. வெள்ளையா கறுப்பா என்பது ஒரு கேள்வி, அடிச்சாயல் மஞ்சளா நீலமா என்பது வேறொரு கேள்வி. நமது தோலின் நிறத்தைப் பிரதானமாகத் தீர்மானிப்பது மெலனின். அதனோடு இரத்தத்தின் சிவப்பும், கரட் போன்றவற்றிலிருந்து கிடைக்கும் மஞ்சள் பொருளும் சேர்கின்றன. ஒரே அளவு கறுப்பான இருவரில் ஒருவர் செம்பு நிறமாகவும் மற்றவர் நீலம் பாரித்தும் இருப்பதை நம் ஊரில் யார் காணவில்லை? சிவலையான இருவரிலும் அப்படியே. ஆனால் நாமோ சிவலை, பொது நிறம், கறுப்பு என்ற ஒரே ஏணியில் எல்லோரையும் ஏற்றி, கீழ்ப்படியில் உள்ளவர்களுக்கு 'அடக்கமான' நிறங்களைப் பங்கு வைத்துவிடுகிறோம்.

அமெரிக்கக்காரரும் இவ்விடத்தில் தவறியவர்களே. அவர்கள் வெள்ளையருக்கு நான்கு பருவங்களை விரித்துவிட்டு, கறுத்தவர், ஆசியர் ஆகியோரில் பெரும்பாலானவர்களை மாரி என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டார்கள். உலகத்தின் அரைவாசிக்கு மேல் ஒரு பெட்டிக்குள்! ஆய்வுகளும் இன்னும் நம் பக்கம் சரியாகத் திரும்பவில்லை. 2021இல் ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வொன்றில், வெளிர்ந்த தோலுக்கு நீல வகைகளையும், வெயில்பட்டுச் செம்மையேறிய தோலுக்குச் செம்மஞ்சள், சிவப்பு வகைகளையும் பார்ப்போர் பொருத்தமெனத் தெரிந்தார்கள். ஆனால் அதில் காட்டப்பட்டவை யாவும் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களே. ஆகவே பொருத்தம் என்ற ஒன்று இருக்கிறது என்பதற்கு அது சான்று. பன்னிரண்டு பெட்டிகளுக்கும் சான்றல்ல. காசு கொடுத்துப் பருவம் கேட்பவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

யன்னலோரம் ஒரு சோதனை

காசில்லாமலே செய்யக்கூடியது என்ன? முதலில் வெளிச்சம். மஞ்சள் மின்குமிழ் நீலத்தை மங்கச் செய்யும், சிவப்பையும் மஞ்சளையும் தூக்கிக் காட்டும். சாதாரண டியூப் லைட் வேறு விதமாக ஏமாற்றும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரிந்த இரு துணிகள் இன்னொரு வெளிச்சத்தில் இரண்டாகிவிடுவதும் உண்டு. சட்டைக்குச் சோல் பொருத்தம் பார்க்க நம் உம்மாமார் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடிப்பார்களே, கடைக்காரர் முணுமுணுத்தாலும், அது முழுச் சரியான காரியம். நேர் வெயில் வேண்டாம். காலை பத்து மணியளவில் வெயில் படாத யன்னலோரம் போதும். முகத்தில் பவுடரோ கிறீமோ இருக்கக்கூடாது.

இரண்டு வெள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நீலம் போட்டுத் தோய்த்த பளிச்சென்ற வெள்ளை. பாடசாலைப் பிள்ளைகளின் சீருடை இதற்கு நல்லது. துணியின் பழுப்பை மறைப்பதற்காகத்தானே நீலம் போடுகிறோம், ஆகவே அது நீலம் சார்ந்த வெள்ளை. மற்றது வெளுக்காத கோறாத் துணி. அது மஞ்சள் சார்ந்தது. இரண்டையும் மாறி மாறி நாடிக்குக் கீழே பிடித்து, துணியைப் பாராமல் முகத்தைப் பாருங்கள். ஒன்றில் கண்ணுக்குக் கீழுள்ள கருமையும் வாயோரத்து நிழலும் கூடித் தெரியும். மற்றதில் அவை அடங்கி, கண் முதலில் தெரியும். கோறாத் துணியில் முகம் தெளிந்தால் கடுகு மஞ்சள், செங்கல் நிறம், ஒலிவ் பச்சை, தேயிலைச் சாய நிறம் போன்றவற்றைப் பிடித்துப் பாருங்கள். நீல வெள்ளையில் தெளிந்தால் மெரூன், கத்தரிப்பூ நிறம், மயில் நீலம். இரண்டிலும் வித்தியாசம் தெரியாதவர்களும் நிறையப் பேர். அவர்கள் கவலைப்படத் தேவையில்லை, கடையில் பாதி அவர்களுக்குரியது. மணிக்கட்டின் நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வாரும் உண்டு. கறுத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாதபோது அந்தச் சோதனை நமக்கு உதவாது.

அடுத்தது நிறத்தின் அழுத்தம். சந்தனக் கலர் என் மகளிடம் ஏன் எடுபடவில்லை என்பது இங்குதான் எனக்கு விளங்கியது. அது அவளுடைய தோலைவிடச் சற்றே வெளிறிய, ஏறக்குறைய அதே சாயலுள்ள நிறம். துணியும் முகமும் ஒன்றோடொன்று கலந்து இரண்டும் மங்கிப்போயின. கறுத்த பிள்ளைக்குப் பளிச்சென்ற நிறம் கூடாதென்ற நம் ஊர்ப் பேச்சு, நான் பார்த்தவரை தலைகீழ்ப் பாடம். அழுத்தமான நிறங்களைத் தாங்கும் வலு கருமைக்குத்தான் அதிகம்.

கறுப்பு அபாயா உடுப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சகோதரிகள் கேட்கலாம். அவர்களுக்குத்தான் இது கூடப் பொருந்தும் என்பேன். அமெரிக்கக்காரர் முடியின் நிறத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். முடி மறைந்திருக்கும்போது அந்தக் கணக்கு விழுந்துபோகிறது. முகத்தை நான்கு பக்கமும் தொட்டுக்கொண்டிருப்பது ஸ்காப் மாத்திரமே. அதன் நிறம் அயல் நிறமாக நின்று முகத்தை மாற்றிக் காட்டுவது ஒரு பக்கம், அதில் பட்ட வெளிச்சம் தெறித்து நாடியிலும் கன்னத்திலும் விழுவது இன்னொரு பக்கம். பாவாடை எந்த நிறமானாலும் முகத்துக்கு அதனால் இலாபமுமில்லை நட்டமுமில்லை. பிடித்த நிறம் பொருந்தாவிட்டால் அதைக் கீழே உடுத்துவிட்டு, பொருந்துவதை முகத்தருகே வைத்தால் முடிந்தது.

இதை இவ்வளவு நீட்டி எழுத இன்னொரு காரணமும் உண்டு. 'உனக்கு இது ஒத்துவராது' என்று கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, ஒரு நாள் துணியை மாற்றுவதை விட்டுவிட்டுத் தோலை மாற்றப் பார்க்கிறாள். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் இரசம் கலக்கப்படுவதும், அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதும் உலக சுகாதார நிறுவனம் பலமுறை எச்சரித்த விடயம். பெயர் விலாசம் இல்லாத டப்பாக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் முகத்தில் அந்த வெளிறலைக் கண்டிருக்கிறேன். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு யன்னலோரம் சோதனை நடந்தது. இளையவளுக்குக் கோறாத் துணிதான் என்று அவளது உம்மாவும் ராத்தாவும் ஒரே குரலில் சொன்னார்கள். சிவலையான மூத்தவளுக்கு நீல வெள்ளை. கடைக்காரர் அவளுக்கென்று ஒதுக்கிய கடுகு மஞ்சள் அவளை மஞ்சட்காமாலைக்காரி போலாக்கும் என்று தங்கை சிரித்தாள். அடுத்த முறை சந்தைக்குப் போனபோது அந்தக் கடையில் ஏறினேன். கடுகு மஞ்சளில் இரண்டு மீற்றர்தான் மிஞ்சியிருந்தது. "சட்டைக்குக் காணாதே ஹஸரத்" என்றார் கடைக்காரர். ஸ்காபுக்குத் தாராளமாகக் காணும் என்று சொல்லி வெட்டி வாங்கினேன்.