கம்பியைச் சுழற்றியவர் யார்?

விருந்துண்பவர் கண்ணுக்குச் சமையற்கூடம் தெரிவதில்லை. பதார்த்தத்தின் சுவையைப் புகழும் நாம், அதன்பொருட்டு அடுப்பின்முன் வெந்தவர் யாரென்று வினவுவது அரிது. பெரிய இறைச்சித் துண்டங்களையும் முழு விலங்குகளையும் கம்பியிற் கோத்துத் தணலில் வாட்டும் வழக்கத்தின் வரலாறு, இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

வழக்கம் மிகப் பழையது. கரிகாற் சோழன் அளித்த விருந்தில் கம்பியிற் கோத்துச் சுட்ட ஊன் இடம்பெற்றமையைப் பொருநராற்றுப்படை கூறும். கிரேக்கரின் இலியட் காவியத்திலோ, தன்னை நாடித் தூது வந்தோருக்கு அக்கிலீஸ் என்னும் மாவீரன் தானே இறைச்சியை அரிந்து, கம்பியிற் கோத்து, வாட்டிப் பகிர்ந்தளிக்கின்றான். விருந்தோம்புவோன் கையாலேயே வேலை நடைபெற்றது.

இவ்வேலை எளிதன்று. கொழுந்துவிட்டெரியும் தீ புறத்தைக் கருக்கி, அகத்தைப் பச்சையாக விட்டுவிடும். ஆகவே சுவாலை அடங்கிய தணலே வேண்டும். தணலின் வெப்பக் கதிர்கள் எதிரேயுள்ள பக்கத்தை மாத்திரமே தாக்குமாதலால், கம்பியை இடைவிடாது சுழற்றல் அவசியம். அவ்வாறு சுழலும்போது, உருகிய கொழுப்பிற் பெரும்பகுதி கீழே சொட்டாது ஊனைச் சுற்றியோடி அதனை நனைக்கும். முழு ஆட்டுக்குட்டியொன்று வேகப் பல மணி நேரமாகும். அவ்வளவு நேரமும் சுழற்றுவது யார்?

இங்கிலாந்தின் பெருமாளிகைகளில் இச்சுமை ஏவற்சிறுவர் தலையில் விழுந்தது. 8ஆம் ஹென்றி மன்னனின் அரண்மனைக்கென 1526இல் வகுக்கப்பட்ட விதிகள், சமையற்கூட ஏவலர் ஆடையின்றியோ இழிந்த கந்தலுடனோ திரியலாகாது எனக் கட்டளையிட்டன. அவ்வாறு விதிக்க நேர்ந்ததெனின், அவர்தம் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

சிறுவரின் இடத்துக்கு நாய்களும் வந்தன. நீண்ட உடலும் குறுகிய கால்களும் கொண்ட அந்நாய்கள், சுவரிற் பொருத்திய சக்கரத்தினுள் ஓடியோடிக் கம்பியைச் சுழற்றின. ஜோன் கேயுஸ் என்னும் மருத்துவர் 1570இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் இவற்றைக் குறிப்பிட்டுள்ளார். சுழற்றும் பொறிகள் பரவியபின், 19ஆம் நூற்றாண்டில் அவ்வினமே மறைந்தொழிந்தது. வேல்ஸ் நாட்டின் அபர்கவென்னி நகர அரும்பொருட்காட்சிச்சாலையில் பாடஞ்செய்யப்பட்ட ஒரு நாய் மட்டும் இன்றும் காட்சி தருகின்றது.

கிரேக்க நாட்டில் உயிர்த்த ஞாயிறன்று முழு ஆட்டுக்குட்டியைத் தணலில் வாட்டும் வழக்கம் இன்றும் உண்டு. மின்விசைப் பொறிகள் வந்துவிட்டபோதிலும், உறவினரும் அயலவரும் தணலைச் சூழ்ந்திருந்து, முறை வைத்துக் கம்பியைச் சுழற்றும் முற்றங்கள் அங்கே உள்ளன. ஒருவர் கை சோர மற்றவர் வாங்கிக்கொள்வர். உழைத்தவரும் உண்பவரும் அங்கே ஒருவரே.

ஊன் உண்ணாத இல்லங்களுக்கும் இதிற் பாடமுண்டு. நம் வீட்டு வைபவங்களில் விடியுமுன்னரே எழுந்து புகையில் நிற்பவர், கடைசிப் பந்தியிலாவது ஆறுதலாக அமர்ந்து உண்கின்றனரா? அடுத்த விருந்தின்போது இலையின்முன் அமருமுன்னர், அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்ப்போமாக.