பகைவரை வெறுக்காமலிருக்க முடியுமா?

மதத்துக்காக வாதாடுவது எக்காலத்திலும் எளிதன்று. யுத்த காலத்தில் சொல்லவே வேண்டாம். குண்டு விழுந்து வீடிழந்தவனிடம் போய்க் கடவுள் கருணாமூர்த்தி என்று கூறினால் அவன் என்ன விடை சொல்லுவான் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1940-ம் வருஷம் அக்டோபரில் லண்டன் ரேடியோ நிலையத்தின்மீதே ஜெர்மானியரின் குண்டு விழுந்து ஏழு ஊழியர்கள் மாண்டனர். மறு வருஷம் ஆகஸ்டில் அந்த ரேடியோவில் கிறிஸ்தவ மதத்தை விளக்க வந்தவர் பாதிரியார் அல்லர். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் போதித்து வந்த ஸி. எஸ். லூயிஸ் அவர். முதல் உலக யுத்தத்தில் போர்முனையில் காயமுற்றவர். ஏறக்குறைய முப்பது வயது வரையில் நாஸ்திகராயிருந்தவர்.

தடவைக்குக் கால் மணி நேரந்தான் அவருக்குக் கிடைத்தது. வேத வசனங்களை அடுக்கிக்கொண்டு போகாமல், சாதாரணச் சண்டை சச்சரவிலிருந்து ஆரம்பித்தார். சண்டையிடுகிறவர்கள் "நீ செய்தது நியாயமா?" என்றுதானே கேட்டுக்கொள்கிறார்கள்? நியாயம் என்று ஒன்று உண்டென இருவரும் ஒப்புக்கொண்டதனால் அன்றோ அந்தக் கேள்வி எழுகிறது! அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் படிப்படியாகக் கடவுளிடம் கொண்டுபோய் விட்டார். நியாய உணர்ச்சி சமூகப் பழக்கத்தின் விளைவே என்போர் இதை ஏற்பதில்லை. ஆயினும் நேயர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தனர். பதில் எழுதுவதற்குத் தமையனாரும் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

கடவுள் உண்டென்று நிரூபிப்பதைவிடக் கடினமான காரியம் ஒன்று இருந்தது. கிறிஸ்து பகைவரை மன்னிக்கச் சொன்னாரே, ஹிட்லரின் ரகசியப் போலீஸாரையுமா? பேச்சுகளிலிருந்து உருவாகி 1943-ல் வெளியான நூலில் லூயிஸ் இக்கேள்வியை மழுப்பவில்லை. நம் மனத்தை நாமே சோதித்துக்கொள்ள அவர் ஒரு வழி சொல்கிறார். பகைவர் செய்த கொடுமையைப் பத்திரிகையில் படிக்கிறோம். அது அவ்வளவு கொடியதன்று என்று பிறகு தெரிகிறது. அப்போது நமக்கு ஆறுதல் பிறக்கிறதா, ஏமாற்றம் உண்டாகிறதா? ஏமாற்றமானால் நோய் முற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பத்திரிகை படிப்போர் யாவருக்கும், நடத்துவோருக்குந்தான், இது சுருக்கென்று தைக்கும்.

எனினும், போர்வீரன் பகைவனைக் கொல்லலாம், வெறுக்கலாகாது என்ற அவரது முடிவு நமக்கு முழுத் திருப்தி அளிக்கவில்லை. அஹிம்ஸையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நம் நாட்டார் அவரோடு இன்னும் சிறிது நேரம் வாதாடவே விரும்புவர்.

வட்டி விஷயத்திலும் அவர் விட்டுவைக்கவில்லை. பண்டைக் கிரேக்கரும் யூதரும் இடைக்காலக் கிறிஸ்தவரும் கண்டித்த வட்டியின்மேல் அன்றோ இன்றைய வியாபார உலகமே நிற்கிறது என்று சுட்டிக்காட்டுகிறார். தர்மம் செய்தால் நம் சௌகரியம் சிறிதாவது குறைய வேண்டும் என்பதும் அவர் கட்சி. சொன்னபடி நடக்கவும் செய்தார். ரேடியோச் சன்மானத்தைத் தாம் தொடாமல் பிறருக்கு அனுப்பச் செய்தார். வருமான வரிக்காரர்கள் மட்டும், கொடுத்துவிட்ட அந்தப் பணத்துக்கும் சேர்த்து அவரிடம் வரி கேட்டார்கள்!